சத்தம் வருதுதானே

என் வீட்டுக்கு வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"உது என்ன, சவுண்ட் சேர்விஸ் ஏதும் செய்யிறியளோ?"

இல்லை என்று சொல்வேன். பிறகு எதற்கு என்று கேட்பார்கள். பாட்டுக் கேட்க என்பேன். என் முகத்தையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆள் எதையோ மறைக்கிறான் என்ற பார்வை அது.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். முன்னறையில் என் நெஞ்சளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள், நிலத்திலேயே நிற்கிற வகை. சிவந்த மரம், முன்னால் கறுப்புத் துணி. நான் யாரிடமும் கேட்காமல் என் பாட்டில் செய்த காரியம் அவற்றை வாங்கியது ஒன்றுதான். விலையை இன்றுவரை மனைவிக்குச் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். ஆங்கிலத்தில் என்றால் சொல்லவே வேண்டாம். வேலை பிளாஸ்டிக் வாளி அடிக்கும் தொழிற்சாலையில். காதுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு நாள் முழுவதும் மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும். வந்த புதிதில் பார்க்டேலில் குடியிருந்தபோது, ஸ்ட்ரீட்கார் நிற்கும் இடத்துக்கு நேரெதிரே பழைய ரேடியோ, ஸ்பீக்கர் விற்கிற கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. ஒருநாள் குளிர் தாங்காமல் உள்ளே போய்விட்டேன். கடைக்காரக் கிழவரும் அதிகம் பேசாதவர். கதிரையைக் கையால் காட்டிவிட்டு ஒரு இசைத்தட்டைப் போட்டார். ஏதோ தெரியாத பாஷையில் ஒரு பெண் பாடப்போனாள். பாடுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த மூச்சுக்காகத்தான் வாங்கினேன். இதை நான் யாருக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

கிழவர் விற்கும்போது கையாலேயே பாடம் எடுத்தார். சுவரிலிருந்து தள்ளி வை. நீ இங்கே இரு. கடைசியாக அம்பிளிபயரின் திருகியைப் பாதிக்கு மேல் கூட்டாதே என்று விரலை ஆட்டினார். பெட்டியின் உச்சியில் ரூபாய்க் குற்றியளவில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டி, தீக்குச்சியை ஊதி அணைப்பதுபோல் ஊதினார். எரிந்துபோகும் என்று அர்த்தம்.

வீட்டில் முதல் சண்டை சுவரோடு தொடங்கியது. என் மனைவிக்கு எந்தத் தளபாடமும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவீட்டில் நிற்கிற பொருள் அவளுக்கு வழிமறிக்கிற மாடு. நான் வேலைக்குப் போக, தள்ளிச் சுவரோடு வைப்பாள். நான் வந்து இழுப்பேன். கம்பளத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன். குப்பை என்று உரித்துவிட்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே பின்னல் துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தாள். பாட்டுப் போட்டால் பூச்சாடி கிறுகிறுக்கும். வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படங்களோடு சேர்த்து பெட்டிகளுக்கும் சந்தனமும் குங்குமமும். ஒருமுறை முன்னால் இருந்த கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டு அந்தச் சின்ன ஸ்பீக்கரின் நடுவிலேயே பொட்டு வைக்கப்போனாள். நான் போட்ட சத்தத்தில் சந்தனக் கிண்ணம் விழுந்தது.

"பொட்டு வைச்சால் என்ன, பாட்டு வராதோ?"

வராது என்று எப்படிச் சொல்வது?

வருகிறவர்கள் இன்னொரு விதம். மெல்லமாகப் போட்டால், "சத்தம் காணாது, கூட்டுங்கோ" என்பார்கள். கூட்டினால் அதற்கு மேலாலே சத்தம்போட்டுக் கதைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களிலும் பிழையில்லை. எங்கள் ஆட்களுக்கு ஸ்பீக்கர் என்பது மற்றவர்களுக்குக் கேட்பதற்கு. கலியாண வீட்டில் கட்டுவார்கள், கோயிலில் கட்டுவார்கள், ஊர் முழுக்கக் கேட்கும். வீட்டுக்காரன் தனக்கு மட்டும் கேட்கவென்று இத்தனை உயரத்தில் இரண்டு பெட்டி வாங்கி, அதைக் கோழிக்குஞ்சின் சத்தத்தில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ பிழை.

அப்போதுதான் பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து மச்சான் டெலிபோன் எடுத்தார். அவருடைய மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள். மச்சான் என் மனைவியின் தமையன். எங்களை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் செய்து எடுத்தவர். அதனால் அவர் எங்களிடம் எதையும் கேட்பதில்லை, சொல்லுவார்.

"பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்கு ஹோல் எடுத்தாச்சு மச்சான். சனிக்கிழமை காலமை வான் கொண்டுவாறன், அந்த ரெண்டு பெட்டியையும் ஏத்துவம்."

"அது... வீட்டுக்குள்ள கேக்கிற சாமான். ஹோலுக்குச் சரிவராது."

"உந்த உயரம் நிக்குது, சரிவராதோ? ஊரில உதில பாதிப் பெட்டி ரெண்டு குறிச்சிக்குக் கேட்டது."

"அம்பிளிபயர் சின்னன். கூட்டினால் எரிஞ்சுபோகும்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எங்கட பிள்ளையின்ர விசேஷத்துக்கு இல்லாமல் வேற ஆருக்கு? நீர் பக்கத்தில நிண்டு பார்த்துக்கொள்ளும்."

நான் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தபோது டெலிபோனில் ஊ என்ற சத்தம்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. மச்சானும் இரண்டு சிநேகிதர்களும் பெட்டிகளை அரிசி மூட்டை தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். வானுக்குள் நான் இரண்டுக்கும் நடுவில் குந்தியிருந்து, பெட்டிக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு போனேன். பட்டு வேட்டியோடு.

ஹோலில் மேடையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். அறிவிப்பாளர் கொண்டுவந்த மைக்கையும் என் அம்பிளிபயரோடு தொடுத்தார்கள். திருகியை நான் கால்வாசியில் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். கூட்டத்தில் மூலை தேடுகிற ஆள் நான். முந்நூறு பேருக்கு முன்னால் மேடையோரத்தில் நிற்க வேண்டி வந்தது. போதாததற்கு, மைக்கில் "செக், செக்" சொல்லு என்றார்கள். சொல்லவில்லை.

சோடனை செய்த அக்கா வந்து பார்த்தாள். "பெட்டி கலர் மேடையோட சேரேல்லை" என்றாள். நான் ஏதும் சொல்ல முதல் இரண்டையும் சிவப்புச் சரிகைத் துணியால் சுற்றி, குஞ்சம் கட்டிவிட்டாள். இப்போது அவை இரண்டு பெண்கள் முக்காடு போட்டு நிற்பதுபோல் இருந்தன. துணிக்குள்ளிருந்து வந்த நாதஸ்வரம் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது.

"அண்ணை, சத்தம் காணாது!" இது பின்வரிசை.

"சவுண்ட் அண்ணை, கூட்டுங்கோ!" இது நடுவரிசை.

ஒரு பெரியவர் வந்து என் காதுக்குள், "தை மாசம் எங்கட மகளுக்கும் இருக்கு, உங்கட நம்பரைத் தாங்கோ" என்றார்.

இதையெல்லாம் தாங்கலாம். வீடியோக்காரர்தான் தாங்க முடியாத ஆள். எங்கள் விசேஷங்களில் ஐயருக்கு மேலே வீடியோக்காரர். அவர் நில் என்றால் தாலியும் நிற்கும். பிள்ளையை வாசலிலிருந்து மூன்றுதரம் நடந்துவர வைத்தார். நாலாம்தரம் என்னிடம் வந்தார்.

"அண்ணை, பிள்ளை வரேக்க பாட்டு நெஞ்சில அடிக்கவேணும். உது என்ன, நுளம்பு பாடுறமாதிரி?"

"கூட்டினால் பழுதாப்போகும், தம்பி."

"நீங்கள் இந்த மைக்கை ஒருக்காப் பிடியுங்கோ" என்று அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி என் கையில் தந்தார். நான் மரியாதைக்கு இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் குனிந்து திருகியைப் பிடித்து முழுக்கத் திருப்பினார்.

பிள்ளை குடைக்குக் கீழே வருகிறாள். முன்னால் பெண்கள் ஆலாத்தித் தட்டோடு வருகிறார்கள், வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிகிறது. பாட்டு தகரம் கிழிக்கிற சத்தமாக மாறியது. கிழவர் தீக்குச்சியை அணைப்பதுபோல் ஊதிக் காட்டியதை நினைத்தேன். அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஐயோ, எரியப்போகுது! எரியப்போகுது!"

கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டேன்.

என் குரலை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஹோல் முழுக்கக் கதிரை இழுபடுகிற சத்தம். ஒருவர் தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "எங்க, எங்க?" என்று பெண்கள் எழும்பினார்கள். ஆலாத்தித் தட்டோடு முன்னால் வந்த அன்ரி தட்டைப் பார்த்தாள், பிள்ளையின் சேலையைப் பார்த்தாள், ஒரே ஊதலில் அத்தனை திரியையும் அணைத்துவிட்டாள். ஹோல்காரன் ஒருவன் சிவப்பு நிறத் தீயணைக்கும் குழலோடு ஓடிவந்தான். குடைக்குக் கீழே நின்ற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க அவள் தானாகச் சிரித்தது அப்போதுதான். வீடியோக்காரர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மேடைக்கு ஏறி வந்தார்.

"எங்க எரியுது?"

நான் பெட்டியைக் காட்டினேன். அவர் சரிகைத் துணியை விலக்கி, காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுடக்கூட இல்லை" என்றார். பிறகு மெல்லமாக, "சுபகாரியத்தில ஆலாத்தியை ஊதி நூர்க்க வைச்சுப்போட்டீர்" என்றார்.

அதற்குப் பிறகு என்னோடு யாரும் கதைக்கவில்லை. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. அதில் ஏதோ இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் எரியுது என்று ஒருமுறை கத்தினவன் இன்னொருமுறை வாய் திறக்கலாமா?

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிக் கேட்டேன். இரண்டு பெட்டியிலும் சின்ன ஸ்பீக்கர் செத்துப்போயிருந்தது. பாட்டு வந்தது. ஆனால் தொழிற்சாலையில் பஞ்சு வைத்த காதோடு கேட்பதுபோல் வந்தது. மூச்சு இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவளுக்குத் தமையன் வீட்டு விசேஷத்தில் மானம் போன கோபம்.

"சத்தம் வருதுதானே?" என்றாள். கேட்கக்கூட இல்லை, போய்விட்டாள்.

அடுத்த கிழமை வயர் ஒன்றைத் திருப்பித் தர மச்சான் வந்தார். அவரையும் இருத்திப் போட்டுக் காட்டினேன். நான் பொய்யாகக் கத்தவில்லை, உண்மையாகவே எரிந்தது என்று அந்த ஒரு மனிதர் ஒத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"சத்தம் வருதுதானே மச்சான்? பிறகென்ன?"

தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனால், மீன் வெட்டுகிற பெடியன் கத்தியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, "அண்ணை, எங்கயும் எரியுதோ?" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. பார்க்டேல் கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தக் கிழவருக்கு என் ஆங்கிலத்தில் சாமத்தியவீடு, சரிகைத் துணி, வீடியோக்காரர் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது? நான் பாட்டுப் போடுவதையே விட்டுவிட்டேன். மனைவி பெட்டிகளைச் சுவரோடு தள்ளி வைத்தாள். நான் இழுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை இல்லை. மனைவி சமைத்துக்கொண்டே தானாகப் போய் பக்திப் பாட்டு சீடி ஒன்றைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உவ என்ன 'அரணம் அரணம்' எண்டு பாடுறா?"

"சரணம்."

"அதுதானே. முந்திச் 'ச' கேக்கும். நல்லாக் கேக்கும். கொத்தமல்லி வறுக்கேக்கையும் கேக்கும்."

அடுப்பை நூர்த்துவிட்டு வந்து, ஒரு பெட்டியில் காதை வைத்தாள். மற்றப் பெட்டியில் காதை வைத்தாள். பாட்டை முதலிலிருந்து போடச் சொல்லி மறுபடியும் கேட்டாள். நான் கதிரையில் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலமும் இவள் குசினிக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் தனியாக இருந்து எரிச்சல்பட்டிருக்கத் தேவையில்லை!

நேரே போய் டெலிபோனை எடுத்தாள்.

"அண்ணை, நான்தான். அந்தப் பெட்டி ரெண்டும் எரிஞ்சுதான் போச்சு." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார். "சத்தம் வருது அண்ணை, 'ச' வரேல்லை." மறுபடியும் அவர் ஏதோ சொன்னார். "பகிடி இல்லை. நான் காது வைச்சுக் கேட்டனான். கடையில குடுத்துத் திருத்தப்போறம். உங்கட சின்னவன்ர பேர்த்டேக்கு வேற ஆரிட்டையும் பிடியுங்கோ, உது இனி வீட்டை விட்டு வெளிக்கிடாது."

அந்தப் பக்கம் கனநேரம் பேசினார். அவள் டெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். மச்சானின் குரல் எனக்கே கேட்டது.

"அப்ப அந்தாள் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னவர்தானே அண்ணை," என்றாள். "ஹோல் முழுக்கக் கேட்டுதே."