இரண்டு விரல் உயரம்

உட்காருவதற்கு முன் மேசையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னால் ஒரு தள்ளு, பக்கவாட்டில் ஒரு தள்ளு. பிறகு, "ஆடுதே!" என்று ஓர் அறிவிப்பு. சாப்பிடப் போன ஓட்டலாக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடப் போன வங்கியாக இருந்தாலும் சரி, இது நடக்காமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், பெஞ்சின் காலுக்கடியில் காகிதத்தை மடித்துச் செருகிய பிறகுதான் அவருக்குத் துக்கம் தொண்டைக்கு வரும்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நிலநடுக்கம். வேலை, மூக்குக் கண்ணாடிக் கடையில். கடுகளவு திருகை மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்குவார். வாடிக்கையாளர் கண்ணாடியை மாட்டி, இல்லை இல்லை என்று நாலு தடவை தலையாட்டிக் காட்டினால்தான் ஆமாம் என்று அனுப்பிவைப்பார்.

இத்தனை திருகுகளை முடுக்கியவரால் முடுக்க முடியாத திருகு ஒன்று உண்டு. அதுதான் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். பேக்கரிக்காரர். நல்ல வாட்டசாட்டம். எதைச் சொன்னாலும் "அதுக்கென்ன" என்று சிரிப்பார். அடுப்பு பழுதாகி ஒரு நாள் ரொட்டி முழுக்கக் கருகினாலும் அதுக்கென்ன. சண்டைக்கு வருகிற மனிதரென்றால் பொறாமைப்படுவதற்கு ஒரு சௌகரியம் இருக்கும். இவரோ வரும்போதெல்லாம் கை நிறைய பன் கொண்டுவருகிறார்.

சகலை வீட்டுக் கூடத்தில் இரும்பு ஸ்டாண்டின் மேல் ஓர் ஐந்தடி மீன்தொட்டி. அதன் முன்னால் நின்று நிலநடுக்கத்தின் மனைவி, "எவ்வளவு அழகா வச்சிருக்காரு!" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவருக்கு வயிறு எரிந்தது. மறுவாரமே அவர் வீட்டுக்கு ஆறடித் தொட்டி வந்து இறங்கியது.

தொட்டி வந்ததே தவிர, அதைத் தூக்கிவைக்க ஸ்டாண்ட் வரவில்லை. கடை கடையாகப் போய் உள்ளங்கையை வைத்தார். "இதுல தொட்டி வைக்கலாம், தண்ணிதான் ஊத்தக் கூடாது" என்று ஒரு கடைக்காரரிடம் முகத்துக்கு நேரே சொன்னார். "சார், நீங்க ஆட்டுற ஆட்டுல மீனுக்கே தலை சுத்திடும்" என்று அவரும் முகத்துக்கு நேரே சொன்னார். சகலைக்கு ஸ்டாண்ட் அடித்துக் கொடுத்த வெல்டரைக் கூப்பிடலாமே என்றாள் மனைவி. அதற்குப் பதில் அவர் தொட்டியையே தலையில் சுமந்துகொண்டு நிற்பார்.

தொட்டி கூடத்துத் தரையிலேயே கிடந்தது. முதலில் அதில் செய்தித்தாள் விழுந்தது. பிறகு துவைத்த துணி. ஒரு நாள் அவர் எட்டிப் பார்த்தபோது உள்ளே வெங்காயம் இருந்தது.

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஸ்டாண்ட் நிக்கணும். இல்லேன்னா தொட்டி என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும். அவங்களாவது மீன் விடுவாங்க."

"யாரைக் கேட்டு?"

"வெங்காயத்தைக் கேட்டுத்தான்."

அன்று மாலையே அவர் சகலை வீட்டுக்குப் போனார். தொட்டிக்கு அருகில் குனிவதுபோல் குனிந்து, தன் மூக்குக் கண்ணாடியை ஸ்டாண்டுக்கு அடியில் நழுவவிட்டார். அதைத் தேடுகிற சாக்கில் தரையில் படுத்து, கால் எங்கே, குறுக்குச் சட்டம் எங்கே, உயரம் என்ன என்று சாண் போட்டு அளந்தார். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அந்த இரும்பு பளபளவென்றே தெரிந்தது.

"என்ன சகலை, கிடைக்கலையா?"

"கிடைச்சுடுச்சு. திருகு லூசா இருக்கு, பார்த்துக்கிட்டிருக்கேன்."

"படுத்துக்கிட்டேவா? அதுக்கென்ன, தலகாணி கொண்டுவரட்டுமா?"

பழைய மரக்கடையிலிருந்து, இடித்த வீட்டின் கதவு நிலைகள் வந்தன. கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, வீட்டுப் பின்புறத்தில் அறுத்தார், இழைத்தார், திருகினார். ஆறு கால். காலுக்குக் கால் குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்துக்கு ஒரு சட்டம். "ஸ்டாண்டா, ஸ்க்ரூ கடையா?" என்றாள் மனைவி. கால்களை அளந்து குறிக்கும்போது மட்டும் கை ஒரு கணம் நின்றது. சகலையின் ஸ்டாண்ட் என்ன உயரமோ அதற்கு மேல் இரண்டு விரல் வைத்துக் குறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்ட் கூடத்தில் நின்றது. ஆனாலும் தொட்டியை ஏற்ற அவருக்குத் துணிவில்லை. தண்ணீர் நிரம்பினால் ஏழெட்டு ஆள் கனம். அவர் ஏறி நின்றார். மனைவியையும் ஏற்றினார். இரண்டு பேரும் ஒல்லி.

வாசலில் பேக்கரி வேன் வந்து நின்றது. உள்ளே கயிறும் பழைய மெத்தையும் தயாராக இருந்தன.

"நல்ல வேளை, எடை வந்துடுச்சு" என்றாள் மனைவி. "தம்பி, கொஞ்சம் இது மேல ஏறி நில்லுங்க."

"அதுக்கென்ன அண்ணி" என்று சகலை செருப்பைக் கழற்றினார்.

தன் கையால் செய்த ஸ்டாண்டின் மேல் அந்த மனிதர் சிலைபோல் நிமிர்ந்து நிற்பதையும், மனைவி அண்ணாந்து பார்ப்பதையும் நிலநடுக்கம் கீழே நின்று பார்த்தார். முறிந்தால் மானம் போகும். முறியாவிட்டால், மேலே நிற்பவன் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நிற்பான்.

"குதிக்கட்டுமா சகலை?"

பதில் வருவதற்குள் குதித்துவிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறையில் தட்டுகள் பேசிக்கொண்டன. ஸ்டாண்ட் மட்டும் முணுமுணுக்கக்கூட இல்லை.

சகலை அதன் விளிம்பிலேயே உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைக் காணோம்.

"அண்ணி சொன்னாங்கன்னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். தொட்டியைக் கொண்டுபோய் நான் எதுல வைக்கிறது? என் ஸ்டாண்டே துருப்பிடிச்சு ஒரு பக்கம் இறங்கிடுச்சு. மீனெல்லாம் இப்ப வாளியில கிடக்கு. அன்னைக்கு அடியில படுத்திருந்தீங்களே, பார்க்கலையா?"

"கண்ணாடி இல்லையே" என்றார் நிலநடுக்கம். அது உண்மை.

"இதே மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு தாங்க சகலை. இம்மி பிசகக் கூடாது. அசல் இதே மாதிரி."

"இவரு செய்யாம வேற யாரு செய்வாங்க?" என்றாள் மனைவி. "இவரு கைபட்டா எதுவும் ஆடாது." அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. எத்தனையோ நாளாக அவர் ஏங்கிக் கிடந்த குரல். காது வரை அவருக்குச் சிவந்துவிட்டது.

வெங்காயத்தை எடுத்துவிட்டு, மூவருமாகத் தொட்டியைத் தூக்கி ஸ்டாண்டில் ஏற்றினார்கள். மனைவி தங்கைக்குக் கொடுத்தனுப்பிய வெங்காயத்தோடு சகலையின் வேன் கிளம்பிப் போனது.

மனைவி முதல் குடம் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். நிலநடுக்கம் அளவு நாடாவை இழுத்து, தரையிலிருந்து ஸ்டாண்டின் மேல்விளிம்பு வரை பிடித்தார். வந்த அளவில் கட்டைவிரல் நகத்தைப் பதித்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நகத்தை நாடாவிலிருந்து எடுக்காமலே, மெல்ல இரண்டு விரல் கீழே இறக்கி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.