பதினொன்று டீச்சர் உயரம்

மெர்சி டீச்சருக்கு முந்தானை அழகுக்கு இல்லை, இடது கையை மூடத்தான். லீவு நாளெல்லாம் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டி ஆசிரியர் பயிற்சி படித்தவள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தறியின் பல்சக்கரம் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் வாங்கிக்கொண்டது. கட்டோடு போய்ப் பரீட்சை எழுதினாள். அத்தனை வைராக்கியம்!

முதலில் சேர்ந்த தனியார் பள்ளியில், மூன்றாம் நாளே தாளாளர் கூப்பிட்டார். "கொழந்தைக பயந்துக்குமுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க! இப்போது ஊராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, தற்காலிக வேலை. பன்னிரண்டு நாளாக முந்தானைக்குள்ளேயே கை. இங்கேயும் பிள்ளைகள் மிரண்டுபோய் வீட்டில் சொன்னால், இந்த வேலையும் போச்சு.

அன்றைக்கு நீளம் அளக்கும் பாடம். "பெஞ்சைச் சாணுல அளங்க பாக்கலாம். ரெண்டு கையவும் மாத்தி மாத்தி, எடவெளி இல்லாம வெக்கோணும் கண்ணுகளா" என்றாள். வர்ஷினிக்குப் பதினொன்று வந்தது, பிரவின்குமாருக்குப் பன்னிரண்டு.

"டீச்சர் அளங்க! உங்க கை பெருசு, கம்மியாத்தான் வரும்!"

வலது கையை மட்டும் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு அளந்தாள். எட்டு.

"ஒத்தக் கைல அளக்கறது அழுகுணி ஆட்டமுங்க டீச்சர்!" என்றாள் ஹிபா. வகுப்பே சேர்ந்து கத்தியது.

வேறு வழியில்லை. இடது கையை வெளியே எடுத்தாள். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். ஒன்பதரை.

"தறிங்களா டீச்சர்?" என்றான் பிரவின்குமார்.

"ஆமா சாமி."

"எங்கப்பனுக்குக் கட்டவெரலே இல்லீங்க" என்றான், என்னமோ பெருமை போல. அவ்வளவுதான். தறிக்காரர் ஊரில் விரல் குறைந்த கை ஒரு அதிசயமா?

பிள்ளைகளுக்கு வேறு கவலை. "எட்டு சரியா, ஒம்பதரை சரியா டீச்சர்?"

"எல்லாத்துக்கும் ஒரே அளவு வேணும். ஒரு குச்சி வெட்டிக்கலாம். ஆரு சாணுக்கு வெட்டறது?"

ஹிபா எழுந்து வந்தாள். தன் கையை விரித்து டீச்சரின் இடது கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். "இதுக்கே வெட்டுங்க டீச்சர். எங்க கைக்கும் ஒத்து வருது."

மெர்சிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விளக்குமாற்று ஈர்க்கை அந்தச் சாணுக்கு நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தாள்.

மறுநாள் காலை ஹிபாவின் அம்மா நஸ்ரியா பள்ளி வாசலில் மறித்தாள். மெர்சியின் இடது கை தானாக முந்தானைக்குள் போனது.

"ஏனுங்க டீச்சர், என்ன குச்சியக் குடுத்துட்டீங்க? ஊடு பூரா அளந்துபோட்டா. கட்டலு பதிமூணு டீச்சராமா. நானு பதினொண்ணு டீச்சர் ஒயரம் இருக்கறனாமா!"

மெர்சி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.