தாயும் பிள்ளையும் என்று எழுதியிருந்த பெட்டி

காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக நெருக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தபோது நளினியின் போன் வந்தது. லேபில் எங்களோடு வேலை பார்த்த அதே நளினிதான். "சேகர், ஹெப்சிபா மேடம் போய்ட்டாங்க. ஆற்காட்டு வீட்ல, தூக்கத்துலயே," என்றார். ஒருநாளும் படுக்கையில் கிடக்காத மனுஷி. முந்தின நாள் மாலைகூடத் தெருவில் தண்ணீர் லாரிக்காரனை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார். அழுகை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வந்தது.

மேடத்தை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மரபணு லேபை நடத்தியவர் டாக்டர் ஹெப்சிபா. நான் அங்கே சீனியர் டெக்னீஷியன். பரம்பரையாக வரும் ரத்த நோய்களைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. வாரத்துக்கு ஒரு சண்டை எங்களுக்குள் நடக்காவிட்டால், "இன்னா சேகர், உடம்பு சரியில்லையா?" என்று அவரே வந்து விசாரிப்பார். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "இது தெரியுமா, இல்ல தோணுதா?" பெரிய டாக்டர்களிடமும் அப்படியேதான் கேட்பார். அதனால் அவருக்கு வேண்டாதவர்கள் ஜாஸ்தி.

தொண்ணூறுகளில் ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு நிலையம் கட்டினார்கள். பொக்லைன் வைத்துத் தோண்டியபோது மணலுக்கடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரியதன் இரண்டு கைகளும் ஒரு சின்னஞ்சிறு குழந்தையைச் சுற்றியிருந்தன. பாட்டன் காலத்தில் அந்த ஆற்றில் வந்த பெருவெள்ளத்தை ஊர் மறக்கவில்லை. அதில் போனவர்கள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரிய எலும்புக்கூட்டின் மணிக்கட்டில் ஓர் இரும்பு வளையம் துருவேறிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் காற்று கருப்பு அண்டாமல் இருக்க இரும்பைக் கூடவே வைத்துக்கொள்வாள். பார்த்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில், "ஐயோ, பச்ச ஒடம்புக்காரி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எலும்புகள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தன. பொக்லைன் இடித்து இடுப்பெலும்பு தூள் தூளாகியிருந்ததால், அதை வைத்து ஆணா பெண்ணா என்று பார்க்கவும் வழியில்லை. பெட்டியின் மேல் 'தாயும் பிள்ளையும்' என்று எழுதியவர், கேளுங்கள், சாட்சாத் ஹெப்சிபா மேடம்தான்.

தோண்டிய இடத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து இரண்டு குடும்பங்கள் அந்தத் தாய் தங்கள் வீட்டுப் பெண் என்று கிளம்பின. ஒரு குடும்பம் சர்ச் கல்லறைக்குக் கேட்டது, இன்னொன்று ஊர்ச் சுடுகாட்டுக்குக் கேட்டது. பேச்சு முற்றி அடிதடிவரை போனபோது, பல்லிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் மேடம். அப்போதுதான் அதற்கான வசதி எங்கள் லேபுக்கு வந்திருந்தது. சனிக்கிழமை மதியங்களில் வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் ஆண் பெண் சோதனை. ஜெல்லில் ஒரு கோடு வந்தால் பெண், இரண்டு கோடு வந்தால் ஆண். குழந்தைக்கு ஒரு கோடு வந்தது. தாய்க்கு இரண்டு வந்தது. மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "சேகர், இது உங்களோடது!"

பழைய எலும்பில் மரபணு துளியூண்டுதான் மிஞ்சியிருக்கும். தொட்டவனின் எச்சில், வியர்வை ஒட்டினால் அதுதான் முந்திக்கொண்டு தெரியும். அன்றோடு நான் லேபுக்கு வெளியே. மேடமும் நளினியும் இன்னொரு பெண்ணும் மட்டும் உள்ளே. எனக்கு வராந்தாவில் ஒரு ஸ்டூல். கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், "உள்ள வந்தா காலை ஒடிப்பேன்! நீங்க ஒரு தும்மல் போட்டா எலும்பு ஆம்பளையாயிடும்!" என்று கத்துவார். ஆட்டோவில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த முகம்தான். எல்லாவற்றையும் கழுவி, புது மருந்து வாங்கி, வேறொரு பல்லை எடுத்து முதலிலிருந்து செய்தார்கள். இன்னொரு பல் வேறு ஊர் லேபுக்குப் போனது. எல்லா இடத்திலும் இரண்டு கோடுதான். என் ரத்தத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்; என்னுடையது இல்லை. மன்னிப்புக் கேட்டாரா? அவரா கேட்பார்! திங்கட்கிழமை என் மேசையில் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி இருந்தது.

அந்தக் குழந்தை ஒரு பெண் குழந்தை. தூக்கியிருந்த ஆணுக்கும் அவளுக்கும் எந்த ரத்த சம்பந்தமும் இல்லை. உரிமை கேட்டு வந்த இரண்டு குடும்பங்களோடும் இருவரில் யாரும் பொருந்தவில்லை. "எங்க தாயி ஆம்பளையா? இன்னா மேடம் பேஜார் பண்றீங்க!" என்று சண்டைக்கு வந்தார்கள். மேடம் கோபப்படவில்லை. "நானும்தான் ஏமாந்தேன். வளையத்தப் பாத்தேன், புள்ளயப் பாத்தேன், அம்மான்னு எழுதிட்டேன். ஏன், ஆம்பள புள்ளயத் தூக்க மாட்டானா இன்னா?" என்றார். தன் தப்பைச் சொல்லும்போதுதான் அந்த அம்மாளின் குரல் கணீரென்று இருக்கும்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. ஒரு சனிக்கிழமை, தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெரியவரை அவர் மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பெயர் கண்ணப்பன். வெள்ளம் வந்தபோது அவர் கைக்குழந்தையாம். அவருடைய அப்பா ஆற்றங்கரை டேனரியில் வாட்ச்மேன். அன்றைக்குக் கூலிக்காரர்களின் குடும்பங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டைத் திறந்துகொண்டு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

"ஓடிப்போனவன் புள்ளன்னுதாம்மா என்னைக் கூப்புடுவானுங்க. கல்யாணம் பேசப் போனா அதையே சொல்வானுங்க. நானும் எங்க நைனாவ ஆயுசு பூரா திட்டிக்கினேதான் இருந்தேன்," என்றார் பெரியவர். "அவரு சாவி வளையத்தக் கையிலதான் மாட்டிக்கினு இருப்பாராம். எங்கம்மா சொல்லும். அந்த வளையம்னு கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா. பாத்துச் சொல்லு. அவரு இல்லன்னாலும் சொல்லிடு, நான் தாங்கிக்குவேன்."

பார்க்காமல் எந்த நம்பிக்கையும் கொடுக்க மேடம் மறுத்துவிட்டார். மகளுக்கு வருத்தம்தான். பெரியவரின் ரத்தத்தை எடுத்தார். அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் வரும் மரபணுவை ஒப்பிட வேண்டும் என்பதால், பெரியவரின் தெருவில் வேறு சில ஆண்களின் ரத்தத்தையும் எடுத்தார். தெருவுக்கே ஒரே மாதிரி இருந்தால் பொருந்துவதில் அர்த்தமில்லை அல்லவா? அந்த வாரங்களில் மேடம் என்னோடு சண்டையே போடவில்லை. அவருக்கும் தூக்கமில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பொருந்தியது. தெருவில் வேறு யாரோடும் இல்லை, கண்ணப்பனோடு மட்டும் பொருந்தியது. மேடம் பெரியவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவரு உங்க அப்பாதான் ஐயா," என்றார். பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு யாருமா?" என்றார்.

"தெரியல."

"அதுக்காகத் திரும்பிப் போனாரா? இல்ல, ஆத்துல வந்தத எட்டிப் புடிச்சாரா?"

"அது எலும்புல இல்லீங்க ஐயா."

"போவட்டும். யாரு புள்ளயா இருந்தா இன்னா, கையிலேர்ந்து விடல இல்ல," என்றார் அவர்.

இருவரையும் ஒரே குழியில்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நின்றார். அப்படியே, அதற்குள் மரமாகிவிட்ட அந்த வேம்புக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். தாய் இல்லை என்று தெரிந்தபின் தொட்டில் கட்டுவது நின்றுவிடும் என்று நினைத்தேன். அன்றைக்கே ஒரு பெண் புதுத் தொட்டிலோடு வந்து நின்றாள். கேட்டதற்கு, "ஆம்பளயா இருந்தா இன்னா? ஊரான் புள்ளயவே விடாதவரு எனக்கு ஒண்ணு குடுக்க மாட்டாரா?" என்றாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். அடக்கம் நடந்த இடத்தில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அவர் சிரித்தார்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். தெரியுமா, தோணுதா என்ற கேள்வி என் நாக்கிலேயே தங்கிவிட்டது. என் மனைவி அதற்காகத் தினமும் மேடத்தைத் திட்டுகிறாள். அதைவிடப் பத்திரமாக வைத்திருப்பது, எலும்புகளை வாங்கிப்போகக் கண்ணப்பன் வந்த மதியத்தை. ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மேசையில் குனிந்து, முதலில் 'மு' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தார். மகள் பதறிப்போய், "நைனா, நீ எப்பவும் இனிஷியல் போட மாட்டியே!" என்றாள். "முனிரத்தினம். எங்க நைனா பேரு," என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மிச்சப் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். எதிலும் பொறுமையில்லாத ஹெப்சிபா மேடம், தாள் நகராமல் ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.