மூன்று சொல் வெட்டிய வாசல்

நனைந்த சுண்ணாம்புக் கல்லின் மணம். அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய தேவாலயச் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற நான், ஐம்பதை நெருங்குகிறவள், ஒரே மூச்சில் எட்டு வயதாகி, பாரிஸுக்குப் பக்கத்து ஊரொன்றின் மழைக்குள் போய் நின்றேன்.

அங்கே எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அத்தை ஜெர்மனியிலிருந்து போன் எடுத்தபோது, வழி சொல்லும் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். அவரைக் களவாக லண்டனுக்குக் கொண்டுபோகும் ஏஜென்சிக்காரன் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப வந்து ஏற்றுவான். ரயில் நிலையத்தில் நின்றால் பொலிஸ் விசாக் கடதாசி கேட்கும், அத்தையிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. அப்பா தன் தங்கையைக் கண்டு ஆறு வருடம்.

"வாசலுக்கு மேல மூண்டு சொல்லு கல்லில வெட்டியிருக்கும் அத்தை. அதுக்குக் கீழ நில்லுங்கோ."

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். நகரசபைக் கட்டடத்துக்கு மட்டுமே உரியவை என்று நினைத்திருந்தேன்.

அவற்றின் கீழே நானும் அப்பாவும் ஒன்றரை மணித்தியாலம் நனைந்தோம். அத்தை வரவில்லை. உள்ளே போய் விசாரித்தேன். மேசையிலிருந்த பெண் சிரித்துவிட்டார். புரட்சிக் காலத்து வாசகமாம். பள்ளிக்கூடத்திலும் உண்டாம், நீதிமன்றத்திலும் உண்டாம்.

ஓடினோம். பள்ளிக்கூடத்தில் இல்லை. நீதிமன்றப் படியில், இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவே, அர்ச்சனைக்கு நிற்பவர்போல அத்தை நின்றார். அப்பா தெருவுக்கு இந்தப் பக்கமே நின்று கையால் கூப்பிட்டார்.

"நல்ல இடம்தான் பாத்துச் சொன்னியள் அண்ணை. காவலுக்கு ரெண்டு பொலிஸும்."

"உவள்தான் வழி சொன்னவள்" என்று அப்பா என் தலையைத் தொட்டார். ஏசவில்லை.

மிச்சம் பத்து நிமிடம். ரயில் நிலையம்வரை நடந்தோம். சாப்பிட்டியோ என்றார் அப்பா. ஓம், பாண் என்றார் அத்தை. பிறகு சப்பாத்துக்குள் தண்ணீர் போவதைப் பற்றிப் பேசினார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு கதைக்க இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சல். லண்டன் கிட்டத்தானே, அடுத்த ஞாயிறு வரட்டும், சரியாக வழி சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். அப்பாவுக்குப் பிறகு அத்தைக்கும் கடதாசி கிடைத்தபோது அப்பா உயிரோடு இருக்கவில்லை.

கார் வந்தது.

"கழுத்தை மூடு, குளிரும்."

"நீங்கள் போங்கோ அண்ணை, பிள்ளை நனையுது."