வலிக்குப் பேர் வாங்கி வந்தவள்

இந்துமதி தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நடித்தாள். அதுவும் ஊட்டி பெரியாஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மா முன்னால். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருஷமாக அவள் பேசியதெல்லாம் சத்தியம். ஆனால் அந்த இருபத்தைந்து வருஷமும் செங்குழி எஸ்டேட்டில் அவளுக்கு இருந்த பேர் நடிப்புக்காரி. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

சேரம்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் குலுங்கிக்கொண்டு மேலே போனால் செங்குழி வரும். இந்துமதியின் அப்பா அழகையா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே தொழிலாளியாகப் பேர் பதிந்தவர். மகள் பிறந்ததும் வளர்ந்ததும், ஆட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில்தான். அவளும் வயசு வந்ததும் தேயிலைக் கொழுந்து எடுக்க இறங்கினாள். இறங்கின முதல் வருஷமே மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. அப்படி ஒரு கை! அவள் விரல்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளையும். பெருவிரலை மடக்கி மணிக்கட்டோடு படுக்க வைப்பாள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த புருஷன் மனோகரன், "ஏய், உனக்கு எலும்பு இருக்கா இல்லையா?" என்று மிரண்டு போனான். மற்றவர்கள் கிளையை வளைத்துப் பிடித்துத் தேடுகிற கொழுந்தை, அவள் கை நுழைந்து எடுத்து வந்துவிடும். நிறுவையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்த உடம்புக்குள்ளே நடந்த கூத்து அவளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் எழுந்தால் மணிக்கட்டு பிடுங்கும். மத்தியானம் முழங்கால் மடிந்து கொடுக்கும். குடத்தைத் தூக்கினால் தோள்பட்டை நழுவி இறங்கும். சுவரில் சாய்ந்து ஒரு தள்ளுத் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு அவளே அதை உள்ளே ஏற்றுவாள். பக்கத்து வீட்டு ராமாத்தாள், "சுளுக்குடி, வேற ஒண்ணுமில்ல" என்று எண்ணெயைக் காய்ச்சி வந்து இழுத்து நீவி விடுவாள். பாவம், நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் நீவ நீவ, நழுவுகிற தோள் இன்னும் தாராளமாக நழுவியது.

செங்குழியில் விடிந்ததும் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற களத்துக்கு அந்தப் பேர். சிலோனிலிருந்து ஆட்களோடு வந்த சொல், இன்னும் போகவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டுமானாலும் லேசான வேலை வேண்டுமானாலும், முன்னால் வந்து எல்லோருக்கும் கேட்கிறாற்போலக் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் மரியாதை. குறுக்குவலி என்றாலும் பரவாயில்லை, எல்லாருக்கும் இருக்கிறது. இந்துமதி என்னவென்று சொல்வாள்? திங்கட்கிழமை முழங்கால் என்றாள். புதன்கிழமை மணிக்கட்டு என்றாள். அடுத்த வாரம் தோள். சூப்பர்வைசர் ராஜரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னம்மா இந்துமதி, இன்னைக்கு உன் வலி எந்த ஊருக்கு டூர் போயிருக்கு?"

பெரட்டே சிரிக்கும். சிரிப்பில் ராமாத்தாள் குரல்தான் தூக்கலாகக் கேட்கும்.

அவள் காட்டாத டாக்டரா? எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று இருந்தது. ரத்தத்திலும் குறையில்லை. "ஒண்ணும் இல்லம்மா, நல்லா சாப்பிடுங்க" என்று வெள்ளை மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் மனோகரனே தயங்கித் தயங்கி, "எல்லாம் மனசுதான் இந்து. நினைக்காம இருந்து பாரேன்" என்றான். ஊர் சிரித்தபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. அதற்கப்புறம் அவள் வீட்டிலும் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்லாமல் வேலைக்குப் போனாள். அந்த வைராக்கியத்தை என்ன செய்வது, அவள் அப்படி ஒரு பிறவி.

பிறகு கத்தரி வந்தது. கையால் கொழுந்து எடுத்த காலம் முடிந்து, பெட்டி கட்டிய பெரிய கத்தரியால் செடியின் தலையை வெட்டி வாருகிற வேலை. வேகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கனத்தை நாள் முழுக்க நீட்டிய கையில் பிடித்து வெட்டினால், உறுதியான தோளே கழன்று போகும். இந்துமதியின் தோளைக் கேட்கவும் வேண்டுமா? அவள் லேசான வேலை கேட்பது அதிகமானது. அவளைப் போலக் கேட்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். கடைசியில் கம்பெனி ஒரு முடிவு சொன்னது: டாக்டர் வந்து பார்ப்பார், திடமாக இருப்பவர்கள் கத்தரி பிடிக்க வேண்டும், மறுத்தால் பேர் வெட்டப்படும். பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? லயத்து வீடும் போகும். அழகையா சாகும்வரை குடியிருந்த வீடு.

கம்பெனி டாக்டர் வந்தார். ஒவ்வொருவரையும் குனிந்து தரையைத் தொடச் சொன்னார். முன்னால் போனவர்கள் கை முழங்காலைத் தாண்டவே "ஐயோ அம்மா" என்றார்கள். இந்துமதியின் முறை வந்தது. அவளுக்குச் சூதுவாது தெரியாது. குனியச் சொன்னார், குனிந்தாள். முழங்கால் மடங்காமல், இரண்டு உள்ளங்கையும் தரையில் பச்சென்று பதிந்தன.

டாக்டர் சிரித்துவிட்டார். "என் பொண்ணு யோகா கிளாஸ் போறா, அவளுக்கே இது வராது. உங்களுக்கு என்னம்மா குறைச்சல்?"

திடம் என்று எழுதியாகிவிட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வையில் இருபத்தைந்து வருஷப் பேச்சுக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அவள் கத்தரியைப் பிடித்தாள். ஒரு மழை நாளில், சரிவான மலையில், தோள் நழுவி இறங்கியது. இந்தத் தடவை ஏற்ற முடியவில்லை. கால் வழுக்கி, செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தாள். கூடலூர் ஆஸ்பத்திரியில் தோளை ஏற்றிக் கட்டுப் போட்டார்கள். "அடிக்கடி இப்படி ஆகுதுன்னா ஊட்டிக்குப் போய்ப் பாருங்க" என்று எழுதி அனுப்பினார்கள்.

ஊட்டியில் அவளைப் பார்த்தது டாக்டர் சுஜாதா. சின்ன வயசு, கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"ஏனுங்க அக்கா, தோள் மட்டும்தானா, வேற எங்கயாச்சும் வலிக்குதுங்களா?"

இந்துமதி சொன்னாள். எத்தனையோ டாக்டர்களிடம் சொன்னதுதான். இந்த அம்மா நடுவில் வெட்டாமல் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து, "மெதுவா குனிஞ்சு தரையைத் தொடுங்க, பாக்கலாம்" என்றாள்.

இந்துமதிக்குக் கம்பெனி டாக்டர் ஞாபகம் வந்தது. மறுபடியும் குனிவதா? குனிந்ததால்தானே இந்தக் கதிக்கு வந்தாள்! இந்தத் தடவை ஏமாற மாட்டேன் என்று முடிவெடுத்தாள். பாதி வரை குனிந்து, முன்னால் போனவர்கள் அன்றைக்குப் போட்ட சத்தத்தை அப்படியே போட்டாள். "ஐயோ... அம்மா... முடியலீங்க."

டாக்டர் முகத்தில் ஒரு குழப்பம். விரலைப் பின்னால் வளைக்கச் சொன்னாள். இந்துமதி விரலைக் கட்டைபோல விறைத்துக்கொண்டாள். "வளையாதுங்க." முழங்கை? "அதுவும் வராதுங்க." நடிப்புக்காரி என்று பேர் வாங்கியவளுக்கு நடிப்பு எவ்வளவு மோசமாக வந்தது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் ஏதோ எழுத உட்கார்ந்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று இந்துமதியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கவலை வந்தால் அவள் கை சும்மா இருக்காது. நல்லாயிருந்த கையை மேஜை விளிம்பில் ஊன்றி அழுத்தினாள். விரல்கள் நான்கும் பின்பக்கமாக மடங்கி நிமிர்ந்து நின்றன. கால் இரண்டும் கீழே கயிறு முறுக்கியதுபோலப் பின்னிக் கிடந்தன. டாக்டரின் பேனா நின்றது.

"அக்கா," என்றாள், "எதுக்குங்க என்கிட்ட நடிச்சீங்க?"

உடைந்துவிட்டாள் இந்துமதி. கம்பெனி டாக்டர், உள்ளங்கை, கத்தரி, வீடு எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். "வளையுதுன்னா நோயில்லைன்னு சொல்லிருவாங்கம்மா. அதான் வளையாத மாதிரி காட்டுனேன்."

டாக்டர் சுஜாதா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நீங்க தலைகீழா நினைச்சுட்டீங்க. வளையுதே, அதாங்க உங்க நோயே. மூட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கிற நார் உங்களுக்குப் பிறவியிலயே தளர்ச்சி. அதனால எலும்பு இடம் மாறுது, வலிக்குது. எக்ஸ்ரேயில இது தெரியாது. இதுக்குப் பேரு ஜாயின்ட் ஹைப்பர்மொபிலிட்டி சிண்ட்ரோம்."

"பேரு இருக்காம்மா இதுக்கு?"

"இருக்குங்க. இன்னொண்ணும் சொல்றேன் கேட்டுக்கோங்க. நார் செய்ய வேண்டிய வேலையை இத்தனை வருஷமா உங்க சதை செஞ்சிருக்கு. மத்தவங்க மலையில ஒரு வேலை செஞ்சிருந்தா, நீங்க ரெண்டு செஞ்சிருக்கீங்க. உங்களப் போயி சோம்பேறின்னாங்களா?"

மாத்திரையால் இது மாறாது என்றார்கள். மூட்டைச் சுற்றிச் சதையைக் கெட்டியாக்கப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். எந்த மூட்டையும் கடைசி வரை வளைக்காதே, நீவ விடாதே, கனத்தை நீட்டிப் பிடிக்காதே என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நோய் தீராது என்று கேட்டுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்தவள் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். பைக்காரா தாண்டி, நடுவட்டம் தாண்டி, கூடலூர் இறங்குகிறவரை பஸ்ஸில் அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து மனோகரனிடம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு அடுப்படி வாசலில் நின்றபடியே, "நான் கூட நம்பலையே உன்னை" என்றான். "ஆமா, நம்பல" என்றாள். சும்மா விட்டுவிடுவாளா என்ன?

தோள் தேறியதும் பெரட்டுக்குப் போனாள். கூப்பிடும் முன்னால் தானே முன்னே வந்து நின்றாள்.

"எனக்கு ஜாயின்ட் ஹைப்பர்மொபிலிட்டி சிண்ட்ரோம் சார். பொறப்புலயே வந்தது. டாக்டர் சீட்டும் இருக்கு. எனக்கு லேசான வேலை வேணாம். கத்தரிதான் ஆகாது. கவாத்து வெட்டித் துளிர்க்குற மலையில கத்தரி போட முடியாதுல்ல, கையாலதானே எடுக்கணும்? அந்த மலைய எனக்குக் குடுங்க."

ராஜரத்தினம் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். பேர் வெட்டவில்லை. வீடும் போகவில்லை. மலை என்று அவர்கள் சொல்கிற அந்த இளந்துளிர்ப் பகுதி இந்துமதிக்கு வந்தது. ஒரே மூட்டையாகச் சுமக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய் நிறுவையில் போட்டாள். வலி போகவில்லை, ஆனால் தலை நிமிர்ந்து போய் வந்தாள். மலையில் அவளைக் கடந்து போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த விரல் வேகம் அப்படியே இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மழை விட்ட ஒரு காலையில், பெரட்டில் ராமாத்தாள் முன்னால் வந்தாள். இந்த மலையில் லீவே கேட்காதவள்.

"ரெண்டு கையும் மரத்து மரத்துப் போவுதுங்க. ராத்திரியில எரியுது. கத்தரியப் புடிச்சா நழுவுது."

ராஜரத்தினம் பேனாவை மூடினார். "இதெல்லாம் சும்மா ஏத்துக்க முடியாது இனிமே. இந்துமதி கொண்டாந்த மாதிரி நோய்க்குப் பேரு கொண்டா. அப்புறம் பாக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். ராமாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள். அந்தக் குனிவை இந்துமதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழைய சிரிப்பெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் வரிசையை விட்டு வெளியே வந்து ராமாத்தாள் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குப் பேரு கிடைக்க இருபத்தஞ்சு வருசம் ஆச்சு சார். அதுவரைக்கும் எனக்கு வலிக்காமயா இருந்துச்சு? ஊட்டிக்கு அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன், பேரு வர்றப்ப வரட்டும். இன்னைக்கு வலிக்குதுன்னு சொல்லுது. எழுதிக்குங்க."

ராஜரத்தினம் அவளைப் பார்த்தார்; அவள் கண்ணை எடுக்கவில்லை. பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.