மேகத்துக்குள் கேட்ட குரல்

வைட்ஃபீல்ட் அலுவலகத் தோழிகளுடன் சாவனதுர்கா மலை ஏறியபோது திடீரென மேகம் இறங்கியது. முன்னால் போன தோழிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. வெகுநேரமாக என் பின்னாலேயே வந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஓர் ஆணின் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பயந்துபோய் வேகமாக நடந்தேன்.

“மேடம், நில்லுங்க! பாறை வழுக்கும், அந்தப் பக்கம் பள்ளம்!”

“கிட்ட வராதீங்க!” என்று கத்தினேன்.

“வரல மேடம். இங்கயே உட்கார்றேன். மேகம் கலையுற வரைக்கும் நீங்களும் உட்காருங்க.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

மேகம் விலகியது. எனக்குச் சில அடிகள் தள்ளி பாறை செங்குத்தாக இறங்கியது. அவரோ தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இன்றும் தெரியாதவர்களைச் சந்தேகிக்கத்தான் செய்கிறேன். அந்தச் சந்தேகத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளாத அந்த மனிதரை மறக்க முடியவில்லை.