செத்தவர்கள் வரக்கூடாத இமேஜ்

எங்கள் கடை தண்டையார்பேட்டையில், பஸ் போகும் தெருவில். மஞ்சள் நீராட்டு பேனர், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் டிசைன் செய்து கொடுப்போம். சாவுதான் அதிகம் சோறு போட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைக் கம்ப்யூட்டரைத் தன் இஷ்டத்துக்கு வளைத்து வைத்தவர் என் கணவர். 'கஅ' என்று தட்டினால் 'கண்ணீர் அஞ்சலி' முழுசாக விழும். மாலை, குத்துவிளக்கு, கறுப்பு பார்டர் எல்லாம் ஒரே பட்டனில் வரும். மெஷினைப் போட்டதும் அவர் குரல் கேட்கும்: "வந்துட்டியாம்மே? டீ சொல்லு!" காலையில் கடை திறப்பது நான். எனக்கென்றே பதிந்து வைத்த வம்பு அது.

வருகிறவர்கள் பென்டிரைவில் போட்டோவோடு வைரஸையும் கொண்டு வருவார்கள். மெஷின் படுத்துவிடும். அதற்காகவே உள்ளே இருப்பதை அப்படியே படியெடுத்து, 'இமேஜ்' என்று ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார். திரும்ப ஏற்றினால் ஃபாண்ட் முதல் குரல் வரை பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். இமேஜ் எடுக்குமுன் மட்டும் செத்தவர்கள் படம், பைல் அத்தனையும் அழித்துவிடுவார்.

"இல்லாங்காட்டி ஒவ்வொரு தபா ஏத்தும்போதும் அவங்களும் எய்ந்து வருவாங்கம்மே. அவங்க வூட்லயே அய்து முட்ச்சிட்டாங்க. நாம எதுக்கு புட்ச்சி வச்சிக்கினு கெடக்கணும்?"

மாரடைப்பில் அவர் போனபோது, அவருக்கான போஸ்டரை நானே அந்த மெஷினில் அடித்தேன். 'கஅ' என்று தட்டினேன். விழுந்தது. காரியம் முடிந்து கடை திறந்த அன்று முதல் வேலையாகக் குரலை எடுத்துவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு என்னால் நாளைத் தொடங்க முடியவில்லை.

போன மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின் போயிற்று. மேஜை டிராயரில் இருந்த அவருடைய போனும் போயிற்று. புது மெஷின் வாங்கினேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் அவருடைய தோஸ்து வந்து, வீட்டுப் பரணில் கிடந்த அந்த இமேஜ் ஹார்ட் டிஸ்கை மாட்டி ஏற்றினார். ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது.

"வந்துட்டியாம்மே? டீ சொல்லு!"

சாவதற்கு முன் அவர் கடைசியாக எடுத்து வைத்த இமேஜ் அது. டெஸ்க்டாப்பில் அவர் பாதியில் விட்டிருந்த காதுகுத்து பேனர் இருந்தது. நான் அடித்த போஸ்டர் இல்லை. அந்த மெஷினைக் கேட்டால் அவர் இன்னும் சாகவில்லை.

தோஸ்து ஹார்ட் டிஸ்கில் காதை வைத்துப் பார்த்தார். "அண்ணி, டிக்கு டிக்குனு சத்தம் வர்து. இது இன்னொரு தபா படிக்காது. இன்னிக்கே புச்சா இமேஜ் எடுத்துடணும்." கொஞ்சம் தயங்கினார். "குரலைத் தூக்கிடவா? அண்ணன் வச்ச ரூல்தானே."

தூக்கினால் அவர் குரல் இனி எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்காமல் நின்ற மனுஷன் அவர்.

நான் வாயெடுக்குமுன் ஒரு அம்மா படியேறி வந்தார். அப்பா இறந்துவிட்டாராம், போஸ்டர் வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் தோஸ்து மெஷினைப் போட்டார்.

"வந்துட்டியாம்மே? டீ சொல்லு!"

அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "யாரு உள்ள?"

"எங்க வூட்டுக்காரரு."

"கூப்புடுறாரு பாரு, போ. இன்னான்னு கேளு. நான் குந்திக்கினு கீறேன்."

நான் எழுந்து எதிர்க்கடைக்குப் போய் டீ சொன்னேன். திரும்பி வந்து தோஸ்திடம், "அவரு இருக்கட்டும்" என்றேன். அவர் இமேஜ் எடுக்க ஆரம்பித்தார்.

தெரிந்தேதான் பிடித்து வைத்திருக்கிறேன். மெஷின் எத்தனை முறை படுத்து எழுந்தாலும் அவரும் கூடவே எழுந்து வருவார். ஒருநாள் நானும் போய்விடுவேன், வேறு யாரோ கடையைத் திறந்து ஸ்விட்சைப் போடுவார்கள். அப்போதும் அவர் "வந்துட்டியாம்மே?" என்று கேட்பார். வந்திருப்பது நான் இல்லை என்று அவருக்கு யார் சொல்வார்கள்?